என் காகிதம் எந்தக் கோப்பில் இருந்தது?

குழந்தைக்கு இன்றோடு ஆறு வாரம். தையல் ஆறிவிட்டது, கோபம்தான் இன்னும் ஆறவில்லை. ஊசி போட்டதற்காகவோ வெட்டியதற்காகவோ அல்ல. அவற்றுக்கெல்லாம் நானே சரி என்று சொன்னேன். கேட்காமல் செய்த ஒரே ஒரு காரியமும், பிறகு அதைக் காகிதத்தில் வேறு மாதிரி எழுதி வைத்ததும்தான் உறுத்துகின்றன.

ஏழாம் மாதத்திலேயே தயாராகத் தொடங்கிவிட்டேன். பிரசவ நேரப் பராமரிப்பு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பரிந்துரைகளை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தில் மூன்று பத்திகள் போட்டேன். ‘வேண்டாம்’ பத்தியில் குடலைச் சுத்தம் செய்யும் எனிமா, முடி மழித்தல், வழக்கம் என்பதற்காக மட்டும் பிறப்புவாயை வெட்டுவது. ‘சொல்லிவிட்டுச் செய்யுங்கள்’ பத்தியில் பனிக்குடத்தை உடைப்பது, வலியைக் கூட்டும் மருந்து, வயிற்றில் பெல்ட் கட்டி இடைவிடாமல் குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்வது. ‘கட்டாயம் வேண்டும்’ பத்தியில் தொப்புள்கொடியைக் குறைந்தது ஒரு நிமிடம் கழித்து வெட்டுவது, குழந்தையை உடனே என் மார்பில் போடுவது, குழந்தை பிறந்தவுடன் ரத்தப்போக்கைத் தடுக்க எனக்கு ஆக்ஸிடோசின் ஊசி.

இதில் மருத்துவரின் கையெழுத்து வாங்கவே இரண்டு நடை. முதல் நாள் நான் உள்ளே போய் உட்கார்ந்த நிமிடத்தில் அவரை அவசர அறுவைக்கு அழைத்துவிட்டார்கள். இரண்டாவது முறை பொறுமையாகப் படித்தார். ‘டிரிப்ஸ் வேண்டாம்’ என்று நான் எழுதியிருந்ததை மட்டும் மாற்றினார். திரவம் ஏற்ற வேண்டாம், ஆனால் கையில் ஊசிக்குழாயைப் போட்டு வைத்துவிடுவோம், திடீரென்று ரத்தப்போக்கு ஏற்பட்டால் அந்த நேரத்தில் நரம்பு தேடிக்கொண்டிருக்க முடியாது என்றார். நியாயமாகப் பட்டது, ஒப்புக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தார். நான் நிம்மதியாக வீடு திரும்பினேன். பிரதி எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாத் தொல்லையும் அங்கேதான் ஆரம்பித்தது.

வலி வந்து முதல் முறை போனபோது கருப்பை வாய் மூன்று சென்டிமீட்டர்தான் திறந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போது அழுகையாக வந்தது. இப்போது யோசித்தால் அது நல்லதுதான். ஐந்து சென்டிமீட்டரிலிருந்துதான் பிரசவத்தின் தீவிர நிலை என்று கணக்கு. அதற்கு முன்பே படுக்கையில் சேர்ந்துவிட்டால் எதையாவது செய்து வேகப்படுத்தத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும்.

மறுநாள் இரவு சேர்த்துக்கொண்டார்கள். பிரசவப் பிரிவில் புதிதாக ஒரு கோப்பைத் திறந்தார்கள். பழைய கோப்பு வெளிநோயாளர் பிரிவில் இருக்கிறது, அது காலையில்தான் திறக்கும் என்றார்கள். கணவரின் தொலைபேசியில் அந்தப் பக்கத்தின் படம் இருந்தது. கோணலாக எடுத்ததில் கையெழுத்து இருந்த கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டிருந்தது. கையெழுத்து இல்லாத காகிதத்தை யார் மதிப்பார்கள்? அதற்குள் ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். ‘பிரசவத்துக்குத் தேவையான அனைத்துச் சிகிச்சைகளுக்கும் சம்மதம்.’ ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே நான்கு நிமிடம் இருந்தது. ‘ஒவ்வொன்றையும் எனக்குச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்’ என்று பேனாவால் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். “படிவத்தில் கிறுக்கக் கூடாதம்மா” என்றார் செவிலியர். கிறுக்கியாகிவிட்டது.

சிறிது நேரத்தில் அவரே எனிமாவோடு வந்தார். வேண்டாம் என்றேன். “எல்லோருக்கும் செய்வதுதான்.” இந்த வாக்கியத்தோடு வாதாடிப் பயனில்லை. “சிஸ்டர், எனக்கு எதற்காக என்று மட்டும் சொல்லுங்கள்” என்றேன். ஒரு கணம் நின்றார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரேஸருக்கும் அதே கேள்வி, அதே முடிவு. பெல்ட்டுக்குப் பேரம் பேச வேண்டியிருந்தது: முதல் இருபது நிமிடம் கட்டிக்கொள்கிறேன், எல்லாம் சரியாக இருந்தால் அதன்பின் அரை மணிக்கு ஒரு முறையாவது கையில் பிடிக்கும் டாப்ளர் கருவியால் துடிப்பைக் கேளுங்கள் என்றேன். சிக்கல் இல்லாத பிரசவத்தில், தள்ளும் கட்டம் வரும்வரை அது போதும். முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டார். எழுந்து நடக்க முடிந்தது. அந்த இரவிலேயே எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

ஆறு சென்டிமீட்டரில் பணி மருத்துவர் உள்பரிசோதனைக்கு வந்தார். நடுவில் சுருக்கென்று ஓர் இழுப்பு, உடனே வெதுவெதுப்பாகத் தண்ணீர். “பனிக்குடத்தை உடைத்துவிட்டேன், இனிச் சீக்கிரம் ஆகிவிடும்” என்று சொல்லிக்கொண்டே கையுறையைக் கழற்றினார். வலி ஒழுங்காக முன்னேறிக்கொண்டிருந்த எனக்கு அது தேவையே இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நானே சரி என்றும் சொல்லியிருப்பேன், யார் கண்டது? அதன்பின் வலி மூச்சு விட இடம் கொடுக்கவில்லை. மறுபடி பெல்ட்டைக் கட்டி, பனிக்குடம் உடைந்துவிட்டது, இனி இதைக் கழற்ற முடியாது என்றார்கள். நடையும் போயிற்று.

கடைசிக் கட்டத்தில் குழந்தையின் துடிப்பு இறங்கி, மேலேற நேரம் எடுத்தது. அதற்குள் என் மருத்துவர் வந்துவிட்டிருந்தார். “மரப்பு ஊசி போட்டுச் சிறிது வெட்டினால் இப்போதே எடுத்துவிடலாம். செய்யட்டுமா?” சில நொடிகள்தான் எடுத்துக்கொண்டேன். செய்யுங்கள் என்றேன். என் ‘வேண்டாம்’ பத்தியில் இருந்த காரியம்தான். ஆனால் காரணம் சொன்னார், கேட்டார். அதைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை.

வெளியே வந்ததும் மகள் வீறிட்டு அழுதாள். கொடியை வெட்டாமல் காத்திருந்தார்கள். கணவர் கடிகாரத்தைப் பார்த்து ஒன்றரை நிமிடம் எண்ணினார். என் தொடையில் ஆக்ஸிடோசின் ஊசி. ‘இயற்கையாக’ என்று சொல்லி இதையும் மறுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் அது வீம்பு. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு தாய்மார்களின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று.

வீட்டுக்கு வந்தபின்தான் மருத்துவமனை கொடுத்த விடுவிப்புச் சுருக்கத்தை (டிஸ்சார்ஜ் சம்மரி) படித்தேன். ‘பனிக்குடம் தானாக உடைந்தது.’ அடுத்த பிரசவத்தில் இன்னொரு மருத்துவர் இதைத்தான் படிப்பார். திருத்தச் சொல்லிப் பதிவேட்டுப் பிரிவுக்குப் போனேன். “தாயும் சேயும் நலம் என்று போட்டிருக்கிறதே அம்மா, வேறென்ன வேண்டும்?” என்றார் எழுத்தர். பணி மருத்துவரின் கடிதம் வேண்டுமாம். இரண்டாவது முறை போனபோது அவர் விடுப்பில் இருந்தார். மூன்றாவது முறை எழுத்தரை விட்டுவிட்டு நேராக என் மருத்துவரிடம் போனேன். பிரசவக் குறிப்பேட்டை வரவழைத்துப் பார்த்தார். அதில் சரியாகவே எழுதியிருந்தது. சுருக்கத்தில் அந்த வரியை அடித்து, ‘செயற்கையாக உடைக்கப்பட்டது’ என்று நேரத்தோடு எழுதிக் கையெழுத்திட்டார்.

பிரதி கேட்டேன். இயந்திரம் பழுது, நாளை வாருங்கள் என்றார் எழுத்தர். காகிதத்தை அவர் மேசையிலேயே விரித்து வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். இந்த முறை கையெழுத்து முழுதாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.