வண்டல், மெழுகு, பேதி உப்பு: புதைபடிவம் செய்து பார்த்த குறிப்பு

வேலூர்க் கோட்டைக் கல்லிலோ சுற்றியுள்ள மலைகளிலோ சிப்பித் தடம் தேடிப் பயனில்லை. இங்குள்ள பழைய பாறைகள் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானவை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. இலைத் தடத்துக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போக வேண்டும், அம்மோனைட்டுக்கு (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரி) அரியலூர், கல்மரத்துக்கு (கல்லாகிப்போன மரம்) திருவக்கரை. மொட்டைமாடியில் செய்து பார்க்க ஏரி வண்டல் போதும்.

நாள் 1. வண்டலைக் காயவைத்து இடித்து, மாவுச் சல்லடையில் சலித்தோம். ஐந்து பங்கு வண்டலுக்கு ஒரு பங்கு நுண்மணல். மணல் சேர்க்காத பாளம் இந்த ஊர் வெயிலில் ஒரே பகலில் வெடித்துவிடுகிறது. சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்து, 3 செ.மீ. கனத்தில் தட்டி, அரச இலையின் நரம்பு புடைத்த அடிப்பக்கம் மண்ணில் படும்படி வைத்துப் பாட்டிலை உருட்டி அழுத்தினோம். ஒப்பிட்டுப் பார்க்க, ஈரமான பாலாற்று மணலிலும் ஓர் இலை. மணலில் நடுநரம்பு மட்டுமே விழுந்தது. வண்டலில் கிளை நரம்புகளும் வால்நுனியும் அப்படியே. நுண்ணிய களிக்கல்லில் இலைத் தடம் துல்லியமாக இருப்பதும் இதனால்தான்.

தடத்தின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்: 100 மி.லி. தண்ணீரில் 150 கிராம் தூள். தூளைத் தண்ணீரில் தூவ வேண்டும். தூளின் மேல் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டியாகும். ஈரம் இழுத்த பழைய தூள் சரியாக இறுகாது. மீந்ததைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

நாள் 3. நத்தை ஓடு. பலரும் ஓட்டை மண்ணில் அழுத்தி வெளிவடிவம் எடுப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், சுவாரசியமே உள்ளேதான். நன்றாகக் காய்ந்த ஏரி நத்தை ஓட்டை வெயிலில் சூடாக்கி, உருக்கிய மெழுகைச் சிறிது சிறிதாக ஊற்றிச் சுழற்ற வேண்டும். குளிர்ந்த ஓட்டில் ஊற்றினால் உச்சிச் சுருளில் காற்று சிக்கி, மெழுகு பாதியிலேயே உறைந்துவிடும். ஆறும்போது மெழுகு சுருங்கும், இரண்டாம் தடவை ஊற்றி நிரப்பவும். பிறகு முழுவதும் மூழ்க வினிகர். ஓட்டின் மேலுள்ள பச்சைப்பழுப்புத் தோலைச் சுரண்டாவிட்டால் அமிலம் உள்ளே ஏறாது. முதலில் பிளாஸ்டரை நிரப்பியதில் அதன் மேற்பரப்பு மாவாகிவிட்டது; மெழுகுக்கு ஒன்றும் ஆகவில்லை. குமிழி நின்றதும் வினிகரை மாற்றி, ஓடு முழுதும் கரையும்வரை விட்டோம். கிடைத்தது ஓட்டின் உட்புற அச்சு.

அரியலூரில் கிடைக்கும் அம்மோனைட்டுகள் பல இப்படிப்பட்டவையே. உள்ளே புகுந்த சேறு இறுகியது, ஓட்டை நிலத்தடி நீர் பின்னால் கரைத்தது. ஓடு போனதால்தான், அறைகளைப் பிரிக்கும் தடுப்பு ஓட்டோடு சேர்ந்த இடம் வளைந்து வளைந்து செல்லும் கோடாகத் தெரிகிறது. இனம் பிரிக்க அந்தக் கோடு பெரிய உதவி. ஓட்டின் வெளி அலங்காரத்தை மட்டும் உட்புற அச்சை வைத்துத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

நாள் 6. கல்மரத்துக்கு மாற்றாகப் பாத்திரம் தேய்க்கும் பஞ்சு. வெந்நீரில் இனிக் கரையாது என்னும் அளவுக்குப் பேதி உப்பைக் கலந்து, பஞ்சை ஊறவைத்து மணலில் புதைத்தோம். வெயிலில் வைத்த துண்டில் உப்பு வெளிப்புறமே பொருக்காகப் பூத்தது, நடு மெத்தென்றே இருந்தது. நிழலில் மூடிவைத்து, மூன்று முறை கரைசல் ஊற்றிய துண்டுதான் உள்வரை இறுகியது. கல்மரத்தில் உப்பின் இடத்தில் சிலிக்கா என்ற கனிமம். மரம் மக்குமுன் அது செல்லுக்குள் ஏறியாக வேண்டும்.

நாள் 30. தண்ணீர் தேங்கிய வண்டலுக்குள் புதைத்த அரச இலையைத் திறந்தோம். அழுகிய முட்டை நாற்றம், ஆனால் இலை கறுத்து முழுசாக இருந்தது. காற்றோட்டமான ஈரமணலில் வைத்ததில் நரம்புக்கூடு மட்டும் மிச்சம்.