கல்லறைத் திருநாள்

நவம்பர் 2. அம்மாவோடு போய் அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். செத்தவர்கள் மோட்சம் போகுமுன் பாவக்கறை நீங்கச் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆன்மாக்களுக்கு நம் ஜெபம் உதவும் என்று கத்தோலிக்கரான அம்மா முழுசாக நம்புகிறார், ஆனால் கல்யாணமாகி சிஎஸ்ஐ என்ற புராட்டஸ்டன்ட் சபைக்குப் போன சித்தியோ, செத்தவர்களுக்காக ஜெபிப்பதற்கு நீங்கள் ஆதாரம் காட்டும் மக்கபேயர் ஆகமமே எங்கள் பைபிளில் இல்லையே, செத்தவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லி வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்பார். ஒரே இயேசுவை நம்புகிறவர்கள்தான் இரண்டு பேரும்.

எனக்கு அந்த நம்பிக்கை போய்ப் பல வருடமாகிறது. 1776 ஜூலையில், சாகும் தறுவாயில் இருந்த, மத நம்பிக்கை இல்லாத தத்துவஞானி டேவிட் ஹியூமை எடின்பரோவில் போய்ப் பார்த்த எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல், செத்தபின், இல்லாமலே போய்விடுவோம் என்ற நினைப்பு உங்களைக் கலக்கவில்லையா என்று கேட்டார். பிறப்பதற்கு முன்னால் நான் இல்லையே, அதை நினைத்துக் கலங்காத மாதிரிதான் இதுவும் என்றார் ஹியூம். கலங்கிப்போனது கேட்ட பாஸ்வெல்தான், அவர் கிறிஸ்தவர்.

என் சாவுக்கு ஹியூம் சொன்னது எனக்குப் போதும். அப்பா விஷயத்தில் போதவில்லை. தன் சாவைப் பற்றிப் பேச நம்பிக்கை இல்லாத எங்களிடம் நல்ல பதில் இருக்கிறது, ஆனால் அம்மா கேட்பது அது இல்லையே, அவரைத் திரும்பப் பார்ப்பேனா என்றுதான் கேட்கிறார். இன்றும் கேட்டார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன், அப்புறம் இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.