வேர்க்காபியும் மாடி மாமியும்

மெல்போர்ன் அக்கா இந்தத் தடவை சாக்லேட் கொண்டுவரவில்லை. வேர் கொண்டுவந்திருக்கிறாள். டான்டிலையன் வேர், காபிக்குப் பதிலாய்ப் போட்டுக் குடிக்க வறுத்து நொறுக்கியது. மஞ்சளாய்ப் பூத்து, காய்ந்ததும் ஊதினால் பஞ்சு பறக்குமே, அந்தச் செடிதான். அங்கே புல்தரையெல்லாம் களையாய் மண்டிக்கிடக்கும். லீவு நாளில் அத்தான் முதுகு ஒடியப் பிடுங்கிப் போடுகிற சமாச்சாரத்தை அக்கா கடையில் காசு கொடுத்து வாங்கி, பெட்டியில் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறாள். அத்தான் இதைப் பற்றிக் கருத்துச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

எல்லாம் அப்பாவுக்காக. நெஞ்செரிச்சலுக்குக் காபியை நிறுத்துங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் பிரஷ்ய ஆட்சிதான். பிரஷ்யா பழைய ஜெர்மன் ராஜ்ஜியம். 1781இல் அந்த ஊர் ராஜா பிரெடரிக், ஜனங்கள் காபியில் காசைக் கரைக்கிறார்கள் என்று கடுப்பாகி, கண்டவர்களும் காபிக்கொட்டை வறுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். திருட்டுத்தனமாய் வறுப்பவர்களைத் தெருத்தெருவாய் மோப்பம் பிடிக்கப் பழைய சிப்பாய்களை வேலைக்கு வைத்தார். நம் மாடி மாமி அப்போது பிறந்திருந்தால் தளபதி ஆகியிருப்பார். அப்பா வாக்கிங் முடித்துப் படியேறும்போதே, "என்ன, பஸ் ஸ்டாண்டு கடை வாசனை அடிக்குதே?" என்று சத்தமாய்க் கேட்பார். அம்மாவுக்குக் கேட்க வேண்டுமே!

சரி, வேருக்கு வருவோம். கொதிக்கவைத்து வடிகட்டணும் என்று அக்கா படித்துப் படித்துச் சொன்னாள். அம்மா பித்தளை பில்டரில்தான் போட்டாள். நொறுக்கல் பெரிசு, வெந்நீர் ஒரு நிமிஷம்கூடத் தங்காமல் கீழே ஓடிவிட்டது. "டிகாக்‌ஷன்கூட இறங்கத் தெரியல, இதெல்லாம் ஒரு காபியா" என்று வேரைத் திட்டிவிட்டு, அப்புறம் பாத்திரத்தில் கொதிக்கவிட்டாள். நிறம் என்னவோ அசல் காபி மாதிரியே வந்தது.

அப்பாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. ஆயுசு முழுக்கச் சிக்கரிக்கு எதிராகப் போராடியவர். பிளான்டேஷன் ஏ பாதி, பீபரி பாதி என்று சொல்லி, மெஷின் பக்கத்திலேயே நின்று அரைத்து வாங்குகிறவர். பாக்கெட் தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கச் சட்டமே அனுமதிக்கிறது என்பதைக் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பாயசம் வரும்வரை விளக்குவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "பரவாயில்லையே, இது எங்கேயோ குடிச்ச ருசியா இருக்கே" என்றார்.

அக்கா சும்மா இருந்திருக்கலாம். "சிக்கரியும் இதுவும் ஒரே குடும்பம்தான்பா. இரண்டு வேரிலும் இன்யூலின்னு ஒரு நார்ச்சத்து இருக்கு, வறுத்தா அந்தக் கசப்பும் நிறமும் வந்துடும். காபீன்தான் கிடையாது" என்று பாடம் எடுத்துவிட்டாள். அதாவது, நூற்றுக்கு நூறு சிக்கரியின் சொந்தக்காரன். டம்ளரை டவராவில் வைத்த சத்தத்துக்கு மாமி இறங்கி வந்துவிட்டார். அன்றிலிருந்து அப்பா சுக்குமல்லிக் காபிக்கு மாறிவிட்டார். அதிலும் காபி கிடையாது, ஆனால் கருப்பட்டி இருக்கிறதே, கௌரவம்.

மிச்சத்தை வீணாக்கக் கூடாதே என்று அம்மா குடித்தாள். அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது.

நம் வீட்டில் முதல் டிகாக்‌ஷன் அப்பாவுக்கு, அப்புறம் எனக்கு, வந்தவர்களுக்கு, மாமிக்கு. அந்தத் தூளிலேயே திரும்பத் தண்ணீர் விட்டு இறங்குகிற வெளிறிய தண்ணீர்தான் இத்தனை வருஷமாய் அம்மாவின் காபி. அதுவும் ஆறிய பிறகு. யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இப்போது காலையில் முதல் வேலையாய் வேரைக் கொதிக்கவிட்டு, பெரிய டம்ளர் நிறைய எடுத்துக்கொண்டு திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். அதில் பங்கு கேட்க வீட்டில் ஆள் இல்லை. நேற்று மாமி மட்டும் மெதுவாய், "எனக்கும் ஒரு வாய் குடேன்" என்றார்.

"இது மருந்து மாமி. எல்லாரும் குடிக்கக் கூடாது" என்றாள் அம்மா, முகத்தைத் திருப்பாமலே.

அவள் குடித்து முடிக்கும்வரை யாரும் கூப்பிடக் கூடாதாம். அதனால் என் காபியை நானே போட்டுக்கொள்கிறேன். மாடியில் இருந்தபடியே, "தண்ணி ஜாஸ்தி" என்று குரல் வருகிறது.