சாக்ஸபோனில் தோடி: ஆடும் காந்தாரமும் ஒட்டும் தைவதமும்

தஞ்சாவூர்ப் பக்கம் சாக்ஸபோன் கச்சேரி என்றால் தோடி ராகம் கேட்காமல் விடமாட்டார்கள். நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் ஊறிய காது. ஆல்ட்டோ வகை சாக்ஸில் துணிந்து எடுக்கலாம், ஆனால் இரண்டு இடத்தில் கருவி மல்லுக்கு நிற்கும்.

ஆல்ட்டோ ஈ ஃப்ளாட் கருவி, அதாவது அதில் சி வாசித்தால் ஒலிப்பது ஈ ஃப்ளாட். கருவியின் நடு ஸ்தாயி சி-யை ஷட்ஜமாக வைத்தால் சுருதி 2½ கட்டை, பாரி எனும் நீண்ட நாயனத்தின் வட்டாரம். கீழே மந்திர ஷட்ஜத்தையும் தாண்டிக் கைசிகி நிஷாதம் வரை இறங்கலாம். மேலே தார மத்தியமம் வரை ஏறலாம். ஆலாபனைக்கு வேறென்ன வேண்டும்!

சிக்கல் ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவில். சுத்த ரிஷபமான சி ஷார்ப் விரலே வைக்காமல் பேசும். அடுத்த சாதாரண காந்தாரத்துக்கோ ஆக்டேவ் கீ (ஸ்தாயியை உயர்த்தும் கீ), ஆறு விரல், வலது சுண்டுவிரல் எல்லாம் ஒரே சமயத்தில் விழவேண்டும். தோடியின் உயிரே அந்தக் காந்தாரத்தின் ஆட்டம்தான். நாயனத்தில் விரலைப் பாதி தூக்கினாலே ஸ்வரம் வழுக்கும். பேட் (தோல் மெத்தை) மூடும் துளையில் அது நடக்காது.

விளம்பத்தில் (மெதுவான நடையில்), ரிஷபத்தைக் கீழ் சி ஷார்ப் விரலமைப்போடு ஆக்டேவ் கீ அழுத்தி வாசியுங்கள். குழல் பெரும்பாலும் மூடியிருப்பதால் நாதம் கனமாக வரும். அங்கிருந்து இடது சுண்டுவிரலை எடுத்து, வலது சுண்டுவிரலைக் கீகளுக்கிடையே உள்ள உருளை மேல் சி-யிலிருந்து ஈ ஃப்ளாட்டுக்கு நகர்த்தினால் காந்தாரம். ஆறு விரலும் அசைவதில்லை. துரிதத்தில் வேறு வழி: விரல் வைக்காத ரிஷபத்திலிருந்து, ஆக்டேவ் கீயைத் தொடாமல், இடது உள்ளங்கையின் டி, ஈ ஃப்ளாட் கீகளைத் திறக்கலாம். ஓசை மெலியும், சுருதியும் சற்று விலகும். சுருதிப் பெட்டியை வைத்துச் சரிபார்த்துப் பழகவேண்டும். அசைவை உதட்டிலும் தாடையிலும் கொடுங்கள். தாடையைத் தளர்த்திச் சுருதியை இறக்குவது எளிது, இறுக்கி ஏற்றுவது கடினம். அதனால் மேல் ஸ்வரத்தைப் பிடித்துக் கீழே சரிப்பதே நல்லது.

இரண்டாவது, சுத்த தைவதம். ஜி ஷார்ப் கீதான் அது. மற்ற பல கீகள் போல விரலே நேராகப் பேடைத் தூக்குவதில்லை. லீவரை அழுத்தினால் பேடை மூடி வைத்திருக்கும் பிடி மட்டும் விடும். பேடைத் தூக்குவது ஒரு மெல்லிய ஸ்பிரிங். ஐப்பசி மழை ஈரத்தில் தோல் பேட் துளை விளிம்பில் ஒட்டிக்கொண்டால் அந்த ஸ்பிரிங்குக்குப் பலம் போதாது. தைவதத்துக்குப் பதில் பஞ்சமம் பேசும். பந்தலில் கொடுக்கும் காப்பி, பாயசம் குடித்த வாயோடு ஊதினால் இன்னும் மோசம்.

மெல்லிய சிகரெட் தாளைப் பேடுக்கடியில் வைத்து, பத்து நொடி லேசாக அழுத்தி, பேடைத் திறந்த பிறகு எடுக்கவும். அழுத்தியபடியே உருவினால் தோல் உரியும். பவுடர் போடவே வேண்டாம், ஈரத்தோடு சேர்ந்து பசையாகிவிடும். இனிப்பு சாப்பிட்டால் வாய் கொப்பளித்துவிட்டுக் கருவியை எடுங்கள். மேடை ஏறியதும் முதலில் ஜி ஷார்ப் லீவரைத் தட்டிப் பேட் எழும்புகிறதா என்று கண்ணால் பாருங்கள்.