பெரியம்மாவுக்குத் திசை தெரியும்

இந்தோனேசியாவின் ஜாவா தீவிலுள்ள யோக்யகர்த்தாவில் வழி கேட்டால் இடப்பக்கம், வலப்பக்கம் என்ற பேச்சே கிடையாது. "கொஞ்சம் வடக்கே போய், மசூதி வந்ததும் கிழக்கே திரும்புங்கள்" என்பார்கள். கூடவே கட்டைவிரலால் திசையைக் காட்டுவார்கள். ஆள்காட்டி விரலை நீட்டுவது ஜாவாவில் மரியாதைக் குறைவு. இவ்வளவு பணிவாகச் சொல்பவரிடம் "வடக்கு எது?" என்று திருப்பிக் கேட்க யாருக்கு மனம் வரும்? நன்றி சொல்லிவிட்டு, அவர் கண்ணில் படாத இடம் வரை நடந்துபோய்க் கைப்பேசியை எடுப்பேன்.

ஊரே திசை பார்த்துக் கட்டிய ஊர். வடக்கே மெராபி எரிமலை, தெற்கே இந்தியப் பெருங்கடல், இடையில் சுல்தானின் அரண்மனை. 1755-ல் பிறந்த சுல்தானகத்தின் முதல் சுல்தான் இந்த நேர்கோட்டை மனத்தில் வைத்துத்தான் நகரை அமைத்தார். 2023-ல் யுனெஸ்கோ அந்த நேர்கோட்டையே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

என்னுடன் வந்த பெரியம்மாவுக்கு யுனெஸ்கோவும் தெரியாது, கைப்பேசி வரைபடமும் தெரியாது. ஆனால் அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில், "இலையைக் கொஞ்சம் மேற்கே தள்ளிப் போடு" என்று பந்தியில்கூடத் திசை சொல்லி வளர்ந்தவர். விடுதி வாசலில் நின்று மெராபியை ஒருமுறை பார்த்தார். "அது வடக்கு. சரி, வா" என்று நடக்க ஆரம்பித்தார். அதன்பிறகு வழிகாட்டும் பொறுப்பு என் கையைவிட்டுப் போய்விட்டது.

அரண்மனைக்கு பெச்சாவில் போனோம். நம் சைக்கிள் ரிக்‌ஷாவைத் திருப்பிப் போட்ட வண்டி அது. ஓட்டுபவர் பின்னால் இருந்து மிதிப்பார், பயணிகள் முன்னால் உட்கார வேண்டும். எதிரே வரும் பஸ்ஸுக்கும் நமக்கும் நடுவில் காற்றைத் தவிர வேறொன்றும் இருக்காது. பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டிக் கவசத்தைத் தொடங்கினார். அரண்மனை வாசலில் இறங்கும்போது பாதிதான் முடிந்திருந்தது. மீதியை நின்றபடியே சொல்லி முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அரண்மனைப் பணியாளர்கள் பாத்திக் துணி உடுத்தி, முதுகுப்புறம் குறுவாள் செருகி, வெறுங்காலுடன் நடக்கிறார்கள். அவர்களில் ஒரு பெரியவர் எங்களுக்குச் சுற்றிக் காட்டினார். இப்போதைய சுல்தான் பத்தாம் ஹமெங்குபுவோனோ. மாநில ஆளுநரும் அவரே, அதற்குத் தேர்தல் கிடையாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பெரியம்மாவுக்கு அரசியலில் நாட்டமில்லை.

"பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேள்."

கேட்டேன். ஐந்து பெண்கள், ஆண் வாரிசு இல்லை என்றார் பெரியவர்.

பெரியம்மா நின்றுவிட்டார். அண்ணாந்து பொன்முலாம் பூசிய தூண்களைப் பார்த்தார். "ஐந்து பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டி" என்றார், கூடம் முழுக்க எதிரொலிக்கும்படி. அம்மா என்ன சொல்கிறார் என்று பெரியவர் ஆவலோடு என்னைப் பார்த்தார். தூண் வேலைப்பாடு அருமை என்கிறார் என்றேன். பெரியவர் மகிழ்ந்துபோய், அந்தத் தூண்களைப் பற்றிய விளக்கத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

சுல்தான் ஆண்டியாகவில்லை. 2015-ல் மூத்த மகளுக்கே பட்டத்து வாரிசுக்குரிய பெயரைச் சூட்டிவிட்டார். "கூடப் பிறந்தவர்கள் சும்மா இருந்தார்களா?" என்றார் பெரியம்மா. சும்மா இருக்கவில்லை, சுல்தானின் தம்பிகள் கடுமையாக எதிர்த்தார்கள் என்று விடுதிக்குத் திரும்பிய பிறகு படித்துச் சொன்னேன். "சொத்து என்று வந்துவிட்டால் சுல்தான் வீடென்ன, சுப்பையா வீடென்ன" என்றார். எங்கள் ஊர் சுப்பையா வீட்டு வரப்புத் தகராறு எனக்கும் தெரியும் என்பதால் மறுத்துப் பேசவில்லை.

மதியச் சாப்பாட்டில்தான் ஜோக்ஜாவுக்கும் பெரியம்மாவுக்கும் முதல் உரசல். உள்ளூர்க்காரர்கள் ஊரை ஜோக்ஜா என்றுதான் அழைக்கிறார்கள். ஊரின் பெருமைக்குரிய உணவு குடெக். பலாமூசைத் தேங்காய்ப் பாலிலும் பனைவெல்லத்திலும் போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். அரக்கு நிறத்தில், நார் நாராக, இனிப்பாக வரும். கூட வைக்கும் முட்டையும் டோஃபுவும்கூட இனிப்புதான். பெரியம்மா ஒரு வாய் வைத்தார். மெல்வதை நிறுத்தினார்.

"பலாமூசுதானே இது?"

"ஆமாம் பெரியம்மா."

"அதற்கு இந்த ஊரில் யாருமே இல்லையா?"

தட்டில் காரமாக இருந்தது ஒரே ஒரு பதார்த்தம்தான். அது மாட்டுத் தோலில் செய்தது. அதை முன்பே ஒதுக்கி வைக்கச் சொல்லியிருந்தேன். இப்போது அந்தச் சிவந்த குழம்பை ஏக்கத்தோடு பார்த்தவரிடம் விஷயத்தைச் சொன்னதும், கைப்பையைத் திறந்து ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்தார். கடைக்கார அம்மாள் ஆர்வமாக வந்து நின்றார். பெரியம்மா அவர் கையிலும் ஒரு எலுமிச்சைத் துண்டை வைத்தார். வாயில் போட்ட அந்த அம்மாளின் முகம் ஒரு நொடி சுருங்கி, உடனே ஜாவா மரியாதைக்குத் திரும்பியது. நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் பிரம்பானன். ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். நடுவில் 47 மீட்டர் உயரத்தில் சிவன் சன்னிதி. வடக்கு அறையில் மகிஷாசுரமர்த்தினி. ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டினால் உன்னை மணக்கிறேன் என்று சொன்ன இளவரசி, ஆயிரமாவது முடிவதற்குள் பொய்யாகப் பொழுது விடியவைத்து ஏமாற்றியதால், சாபம் பெற்று இப்படிக் கல்லானாள் என்று உள்ளூரில் கதை சொல்கிறார்கள். "கல்யாணத்தில் இஷ்டமில்லை என்று நேராகச் சொல்லியிருக்கலாம்" என்று பெரியம்மா ஒரே வரியில் வழக்கை முடித்துவிட்டார்.

தெற்கு அறைக்குள் நுழைந்ததும் குரல் மாறியது. தாடி, தொந்தி, கையில் கமண்டலம். "அடடா, அகத்தியர்!" அவரேதான். கயிலையில் கல்யாணக் கூட்டத்தால் வடக்கு தாழ்ந்தபோது பூமியைச் சமன் செய்யத் தெற்கே அனுப்பப்பட்டவருக்கு, கடல் கடந்த இந்த ஊரிலும் தெற்கு அறையைத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு இதில் பரம திருப்தி. சூடம் ஏற்றலாமா என்று கேட்கச் சொன்னார். காவலர் கூடாது என்று சொல்லவில்லை. சிரித்தார், தலையைச் சாய்த்தார், இன்னும் கொஞ்சம் சிரித்தார். சூடம் பைக்குள் திரும்பியது.

அன்று இரவு அரண்மனைக்குத் தெற்கேயுள்ள மைதானத்துக்குப் போனோம். அங்கே இரண்டு பெரிய ஆலமரங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து இரண்டுக்கும் நடுவே கடந்துவிட்டால் நினைத்தது நடக்கும். மனம் சுத்தமானவர்களால்தான் முடியும் என்பது நம்பிக்கை. கண்கட்டும் துணியை வாடகைக்குத் தருகிறார்கள். இடைவெளியோ ஒரு கல்யாண ஊர்வலமே போகும் அளவு. ஆனாலும் நடப்பவர்கள் எல்லாம் வளைந்து வளைந்து எங்கெங்கோ போகிறார்கள். நான் நேரே சோளம் சுடுபவரிடம் போய் நின்றேன். அவர் வியாபாரம் அங்கே அமைந்ததன் காரணம் புரிந்தது.

"மனசு சுத்தம் என்றால் சும்மாவா?" என்ற பெரியம்மா, வாடகைத் துணியை மறுத்து, முந்தானையாலேயே கண்ணைக் கட்டிக்கொண்டார். தெற்கு எது என்று யாரையும் கேட்கவில்லை. விறுவிறுவென்று நடந்தார். பத்தடி வரை அம்பு மாதிரி நேர். பிறகு மெல்ல மேற்கே சாய்ந்து, ஒரு காதல் ஜோடியைப் பிரித்து, நடைபாதையில் ஏறி, வண்ண விளக்குகள் மின்னும் மிதிவண்டிக் கார் ஒன்றில் முட்டி நின்றார். கட்டை அவிழ்த்துத் திரும்பிப் பார்த்தார்.

"மரத்தை நகர்த்தியிருக்கிறார்கள்" என்றார்.

நின்றவர் அப்படியே அந்தக் காரிலும் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஜாவா பாட்டு அலற, தலைக்கு மேல் மீன் வடிவ விளக்கு மின்ன, நான்தான் மிதித்தேன். ஒரு சுற்று முடிந்து இறங்கியதும் வாடகை கேட்ட பையனிடம், மிதித்தவனுக்குக் கூலி கொடுக்காமல் அவனிடமே வாடகை கேட்பது எந்த ஊர் நியாயம் என்று சுத்தத் தமிழில் வழக்காட ஆரம்பித்தார். ஒரு சொல்லும் விளங்காத பையன் கடைசிவரை கைகட்டிக் கேட்டுவிட்டு, ஐயாயிரம் ரூபியா குறைத்துக்கொண்டான்.