பங்காளிக்கு ஒரு அறை

பொங்கல் முடிந்த வாரம் பக்கத்து வீட்டை இடிக்க ஆரம்பித்தார்கள். பள்ளத்தூரில் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டியேதான் கிடக்கிறது. பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் ஒரு வீடு கரைய ஒரு மாதம் போதும். முதலில் நிலையும் கதவும் போயின, பிறகு வளவு என்கிற உள்முற்றத்துத் தூண்கள். பர்மா தேக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஏதாவது ஒரு பழைய சாமான் கடை வாசலில் இப்போது நின்றுகொண்டிருக்கும். மரமெல்லாம் இறங்கியபின் சுவருக்கு ஜேசிபி வந்தது. அது வந்த நாலாம் நாள் எங்கள் பின்கட்டுக் கிணற்றடியில் ஒரு கடுவன் பூனை உட்கார்ந்திருந்தது.

சாம்பல் உடம்பு, வெள்ளை நெஞ்சு, ஒரு காது கிழிசல். தலை மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் தேங்காய் கணக்காகப் பெரிசு. கருத்தடை செய்யாத கடுவனுக்குக் கன்னம் அப்படித்தான் உப்பும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆத்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த வீட்டுல பங்கு போச்சுல்ல, இங்க கேக்க வந்திருக்கான்" என்றார்கள். அன்றிலிருந்து அவன் பெயர் பங்காளி.

எங்களிடம் ஏற்கெனவே இரண்டு. சீனி ஏழு வயதுப் பெட்டை, ஊஞ்சலை விட்டு இறங்குவதையே பெரிய காரியமாக நினைப்பவள். மிளகு நாலு வயதுக் கடுவன், குக்கர் விசிலுக்கே மச்சில் ஏறிக்கொள்ளும் பயந்தாங்கொள்ளி. இரண்டுக்கும் கருத்தடை ஆகிவிட்டது. மிளகு கைக்குட்டை அளவு குட்டியாக வந்தபோது இப்படிச் சேர்க்க வேண்டும் என்ற முறை எதையும் பார்க்கவில்லை, வளவில் இறக்கிவிட்டோம், சீனி இரண்டு நாள் சீறினாள், மூன்றாம் நாள் நக்க ஆரம்பித்தாள். அதனால் இதுவும் அப்படியே முடியும் என்றுதான் நினைத்தேன். குட்டிக்குக் கிடைக்கிற சலுகை வளர்ந்த கடுவனுக்குக் கிடையாது. அதற்கு நான் கொடுத்த விலையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

பிடிப்பதற்கு ஒரு வாரம் ஆனது. தொண்டிப் பக்கத்திலிருந்து வரும் சூடை மீனை உப்பில்லாமல் அவித்து, தினமும் சாயங்காலம் அதே நேரத்துக்கு, தட்டை ஒரு முழம் ஒரு முழமாகப் பின்வாசலுக்கு நகர்த்திக்கொண்டே வந்தேன். (பால் வைக்கவில்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும்.) ஏழாம் நாள் துண்டைப் போட்டு அமுக்கிக் கூடைக்குள் தள்ளும்போது பெருவிரலில் கடித்துவிட்டான். நல்ல கடி, ரத்தம் வந்தது.

ஆத்தா மஞ்சள்தூள் டப்பாவோடு ஓடி வந்தார்கள். எதையும் வைக்காமல் குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். தெருப்பூனை கடித்தால் நாய்க்கடி மாதிரியேதான் பார்க்க வேண்டும், வெறிநோய் பூனையிடமிருந்தும் வரும். அரசு மருத்துவமனையில் அன்றே முதல் ஊசி, பிறகு 3, 7, 28 ஆம் நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் தோலுக்குள். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் போட்டார்கள். அதுதான் கடித்ததைவிட வலித்தது. சும்மா பிராண்டல்தானே என்று விட்டுவிட நினைப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டு தரம் படிக்கவும்.

சரி, பிடித்தாயிற்று, எங்கே வைப்பது? இங்கேதான் செட்டிநாட்டு வீடு கைகொடுத்தது. வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி) அறை உண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை அறை, இரண்டு கதவு. பெரியப்பச்சி (பெரியப்பா) மகன் அண்ணன் சென்னையில் இருக்கிறார்கள். அவர்கள் பங்கு அறையின் சாவி எங்களிடம்தான். உள்ளறையில் அண்ணமிண்டியின் (அண்ணன் மனைவி) சீர்ச் சாமான்கள் அடுக்கு அடுக்காக இருக்கின்றன, வெளியறை காலி. போன் போட்டேன். "பூனைக்கா? என் ரூமா?" என்று அண்ணன் ஒரு நிமிடம் பேசவே இல்லை. அண்ணமிண்டிதான் போனை வாங்கி, "உள்ள பூட்டிட்டு வெளியறைய எடுத்துக்கங்க, ரெண்டே வாரம்" என்றார்கள்.

இரண்டு வாரம் என்பது கணக்கில்லாமல் சொன்னதாக இருக்கலாம், ஆனால் கால்நடை டாக்டரும் அதையேதான் சொன்னார். பூனைகளுக்கு வரும் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ், தொற்றிய இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும். தடுப்பூசி போடாத பூனைக்கு வந்தால் பிழைப்பது கஷ்டம். அதைவிட, அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருஷம்வரைகூட உயிரோடு கிடக்கும். அதனால் அந்த அறைக்கென்று ஒரு கைலி, ஒரு செருப்பு, தனித்தட்டு. வெளியே வந்ததும் கை கழுவல். தரை துடைக்க 1 பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர்.

பினாயிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் பூனை மூத்திரம் என்றாலே கை பினாயில் பாட்டிலுக்குத்தான் போகும். பினாயில் பூனைக்கு விஷம். தரையில் பட்டது பாதத்தில் ஒட்டும், பாதத்தை நக்கும், உள்ளே போகும். மூத்திரத்தின் மேல் நேராக ப்ளீச் ஊற்றவும் கூடாது, மூக்கை எரிக்கும் வாயு கிளம்பும். முதலில் தண்ணீர் விட்டு வழித்துக் கழுவிவிட்டு, காய்ந்தபின்தான் ப்ளீச். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் ஆசிட் பக்கமே போகாதீர்கள், பூ அழிந்துவிடும். இதைப் பூனைக்காகச் சொல்லவில்லை, அண்ணமிண்டிக்காகச் சொல்கிறேன்.

மணலுக்கு வெளியே போகவே வேண்டியிருக்கவில்லை. பழைய பேசினில் வெயிலில் காயவைத்த ஆற்றுமணல். இடிபாட்டில் வளர்ந்தவனுக்கு மணலைக் காட்டினால் போதும், சொல்லித்தர வேண்டியதில்லை.

காரைக்குடி டாக்டர் பல்லைப் பார்த்து இரண்டிலிருந்து மூன்று வயது என்றார். குடற்புழு மருந்து அன்று ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று. தெள்ளுப்பூச்சிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து. நாய்க்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், பூனைக்கு வலிப்பு வந்துவிடும். ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு முத்தடுப்பூசியின் முதல் தவணை போட்டார், மூன்று வாரம் கழித்து அடுத்தது. சீனிக்கும் மிளகுக்கும் விட்டுப்போன ஊசியையும் சேர்த்துப் போட்டோம். எய்ட்ஸ் மாதிரியான பூனை நோய்க்கும் ரத்தப்புற்று வைரஸுக்கும் சோதிக்கும் கிட் இங்கே இல்லை, அதற்கும் கருத்தடைக்கும் மதுரைக்கே போகச் சொன்னார். முதலாவது கடியால் பரவும், இரண்டாவது எச்சிலால், ஒரே தட்டில் தொடர்ந்து சாப்பிட்டாலும் பரவலாம். சண்டைக்காரக் கடுவனை மற்ற பூனைகளோடு விடுமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. கூடையில் பூனையோடு திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பஸ்ஸில் போனேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை, "கடிக்குமா?" என்று மட்டும் கேட்டார். கட்டை விரல் கட்டைக் காட்டினேன்.

இரண்டு நோயும் இல்லை. ஆனால் புதிதாகத் தொற்றியிருந்தால் எய்ட்ஸ் வகைச் சோதனையில் உடனே தெரியாது, இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள். கருத்தடை அன்றே முடிந்தது. செய்த மறுநாளே சாதுவாகிவிடுவான் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். உடம்பில் இருக்கும் ஹார்மோன் வடிய சில வாரம் ஆகும், அதுவரை அவன் பழைய ஆள்தான். அறைக்கதவில் அவன் பீய்ச்சிய வாடை மாசி பாதிவரை இருந்தது.

இதற்கிடையில் வளவில் நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. சீனி மூடிய கதவை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு ஊஞ்சலுக்குத் திரும்பிவிட்டாள். மிளகு நாள் முழுக்க அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். நான் கதவைப் பார்க்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். ஐந்தாம் நாள் மணல் பேசினில் போய் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான், முக்கினான், ஒரு சொட்டுதான் வந்தது. கடுவன் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். நல்லவேளை எனக்கு அது தெரிந்திருந்தது, அரைமணி நேரத்தில் டாக்டரிடம் இருந்தோம். அடைப்பு இல்லை, மன உளைச்சலில் மூத்திரப் பை வீங்கியிருக்கிறது என்றார். வலி மருந்து கொடுத்தார். (நாமாக பாராசிட்டமால் கொடுத்துவிடக் கூடாது, ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.) நாலு இடத்தில் தண்ணீர், கோழி வேகவைத்த தண்ணீரைச் சாப்பாட்டில் கலந்து, மணல் பேசினை இரண்டிலிருந்து நாலாக்கினோம். பூனைக்கு ஒன்று, கூட ஒன்று என்பது கணக்கு.

"வந்தவன் தின்னுட்டுத் தூங்குறான், இருந்தவனுக்கு நோவு. பங்காளின்னா இப்படித்தான்" என்றார்கள் ஆத்தா.

வாடை மாற்றம் அப்போதுதான் ஆரம்பித்தேன். இரண்டு பழைய துண்டு. ஒன்றால் பங்காளியின் கன்னத்தைத் தடவி மிளகின் தட்டுக்குப் பக்கத்தில் போடுவது, மிளகைத் தடவியதை உள்ளே போடுவது. முதல் நாள் மிளகு துண்டைப் பார்த்துச் சீறிவிட்டுச் சாப்பிடாமல் போனான். தட்டை இரண்டு முழம் தள்ளி வைத்தேன், சாப்பிட்டான். அப்புறம் தினம் நாலு விரல் நகர்த்தல். பங்காளியைப் பிடிக்க நகர்த்தின அதே வேலை, எதிர்த் திசையில். பத்து நாளில் கதவுக்கு உள்ளே ஒருவன், வெளியே ஒருவன், நடுவில் நாலு விரல் கனத் தேக்கு, இரண்டு பேரும் மீன் தின்றார்கள். நடுநடுவே இவர்களைப் பின்கட்டில் அடைத்துவிட்டு அவனை அரைமணி வளவில் நடக்கவிட்டேன், இவர்கள் அவன் அறையை மோந்து பார்த்தார்கள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது மாசியில் எங்கள் படைப்பு, முன்னோருக்குப் படையல் போடும் நாள், வந்தது. வீடு நிறைய ஆள். கதவில் காகிதம் ஒட்டி எழுதியிருந்தேன், எழுதப் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பொடியன் ஒருவன் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டான். பங்காளி நேராக வளவுக்கு வந்தான். மிளகு முற்றத்து நடுவில். அதன் பிறகு ஒரு உருண்டை உருண்டதைத்தான் பார்த்தேன், முடி பறந்தது, பந்திக்குப் போட்டிருந்த ஜமுக்காளம் சுருண்டது. கையை விட்டுப் பிரிக்கவில்லை, ஒரு கடி போதும். அண்டா மூடியை எடுத்து நடுவில் நிறுத்தினேன், பிரிந்தார்கள். "விடுங்க, அடிச்சுக்கிட்டாத்தான் சேரும்" என்று நாலு பேர் சொன்னார்கள். மனுஷப் பங்காளிகளே அப்படிச் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

மிளகுக்குக் காதில் கீறல், சீழ் வைக்கவில்லை. ஆனால் மூன்று வார வேலை போயிற்று. மறுபடி துண்டு, மறுபடி இரண்டு முழம்.

இந்த முறை ஆசாரியைக் கூப்பிட்டு வெளிக்கதவு அளவுக்கு ஒரு சட்டம் அடித்துக் கோழிவலை போட்டோம். முதலில் வலைமேல் பழைய சேலை, அதை அடியிலிருந்து தினம் ஒரு சாண் தூக்கினேன். கால் தெரிந்தது, பிறகு நெஞ்சு, பிறகு முகம். சீறலை நான் கண்டுகொள்ளவில்லை, அது பேச்சுதான். காது பின்னால் ஒட்டி, கண் சிமிட்டாமல், வால் மட்டும் ஆடினால் சேலையை இறக்கிவிடுவேன். மிளகு முதல் தடவையாக வலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தன்னை நக்கிக்கொண்ட நாளைச் சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பங்குனி 9.

வலையை எடுத்த முதல் நாள் பத்து நிமிடம், அடுத்த நாள் கால் மணி. சீனி ஒரே ஒரு அறை கொடுத்தாள், நகம் நீட்டாமல். அதோடு அவள் பக்கம் வழக்கு முடிந்தது. சித்திரை பிறந்தபோது ராத்திரி கதவு திறந்தே இருந்தது.

சேர்ந்து படுப்பதெல்லாம் கிடையாது. ஊஞ்சல் சீனிக்கு, மச்சு மிளகுக்கு, முகப்பு ஜன்னல் பங்காளிக்கு. மூன்று தட்டும் மூன்று மூலையில். வளவில் எதிரெதிரே வந்தால் தூணுக்கு அந்தப் பக்கம் ஒருவனும் இந்தப் பக்கம் ஒருவனுமாகப் போய்விடுகிறார்கள். இரண்டாவது ரத்தச் சோதனைக்கு அடுத்த வாரம் மதுரை போக வேண்டும்.

போன வாரம் அண்ணன் ஊருக்கு வந்திருந்தார்கள். மத்தியானம் தன் அறையில் கட்டிலைப் போட்டுப் படுத்தார்கள். நான் காப்பி கொண்டுபோனபோது பங்காளி அவர்கள் காலடியில் சுருண்டிருந்தான், அண்ணன் காலை மடக்கி ஓரமாகப் படுத்திருந்தார்கள். கிளம்பும்போது சாவியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.