என் பாட்டு போட்டியில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்

நண்பர்களே, ஒரு உதவி கேட்டு வந்திருக்கிறேன். நான் மெட்டமைத்துப் பாடிய பாட்டு ஒன்று இணைய இசைப் போட்டியில் பொது வாக்கெடுப்பு வரை வந்துவிட்டது. இனி முடிவு கேட்பவர்கள் கையில்.

பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தாளம் மிஸ்ர சாபு. 7 எண்ணிக்கை, 3-உம் 4-உமாகப் பிரியும். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நடக்கிற அந்த நடை எனக்கு எப்போதும் பிடிக்கும். தாலாட்டு மாதிரியான மெட்டை அதில் உட்கார வைப்பதற்குள் பல இரவுகள் போய்விட்டன. சரணத்தில் மிருதங்கம் நின்று, குரலும் தம்புராவும் மட்டும் மிஞ்சுகிற ஒரு இடம் வரும். அந்த இடத்துக்காகத்தான் முழுப் பாட்டையும் எழுதினேன். முடிந்தால் ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் ஒலி பெரும்பாலும் காதுக்கு வந்து சேராது.

பிடித்திருந்தால் மட்டும் ஓட்டுப் போடுங்கள். லிங்க் முதல் கமென்டில் இருக்கிறது. மின்னஞ்சல் முகவரி கொடுத்ததும் உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மெயில் வரும், அதை அழுத்தினால்தான் ஓட்டு கணக்கில் சேரும். சிலருக்கு அது ஸ்பாமுக்குள் போய்விடுகிறது, அங்கேயும் பாருங்கள்.

காசுக்கு ஓட்டு வாங்கித் தருகிறோம் என்று இரண்டு பேர் இன்பாக்ஸில் வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 40 ஓட்டு விழுந்தாலும் அது பாட்டைக் கேட்டவர்கள் போட்டதாக இருக்கட்டும்.

அப்புறம், ஓட்டுப் போடாவிட்டாலும் அந்தச் சரணம் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். வாக்கெடுப்பு ஞாயிறு இரவு 12 மணி வரை.